ராட்டினப் பாவாடைக்குள் மாதா

இயேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
ஜூன் 4

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாய் உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டாயா என்று கேட்பாய், நான் ஆயிற்று என்பேன், நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், அதற்குள் உனக்கு பஸ் வந்துவிடும். இது அதில் அடங்காது. இந்தக் கடிதம் உன் ராட்டின உடுப்போடு ஒரே பெட்டியில்தான் வருகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன், குதிரைகளை எண்ணிப் பார்க்க உட்காருவதற்கு முன் இதைப் படித்துவிடு.

உடம்பைச் சொல்வதென்றால் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, முழங்கால் மட்டும் படி ஏறும்போது ஞாபகப்படுத்துகிறது. கடலூர் பஸ்ஸில் கிளட்சை மிதித்தே தேய்ந்த கால்தானே, இவ்வளவு உழைத்ததே பெரிசு. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மகள் என்றேன். எங்கே, கூட வரவில்லையா என்றாள். பிரான்சில் லீல் என்கிற ஊரில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை என்றேன். சரி தாத்தா என்று மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தாள். தாத்தா என்றதுதான் கொஞ்சம் உறைத்தது. இங்கே வெயில் அடித்துக் கொளுத்துகிறது, மத்தியானம் கரண்டும் போய்விடுகிறது, கிணற்றில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. நீ காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும், ஒரு ரொட்டித் துண்டையாவது வாயில் போட்டுக்கொண்டு போ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் உடுப்பு இவ்வளவு நாள் தாமதமானதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் பொய். பெட்டி கிடைக்கவில்லை என்றேன், பிறகு பேட்டரி வைத்த சாமானைக் கூரியரில் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்றேன், அப்புறம் ஆபீசே பூட்டிக் கிடக்கிறது என்றேன். ஒன்றும் உண்மை இல்லை. அதை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன், கோபம் வந்தால் முழுவதும் படித்த பிறகு கோபித்துக்கொள்.

போன நவம்பரில் முத்தியால்பேட்டை ஜோசப் ஆனந்த் ஊருக்கு வந்தபோது அவனிடம் ஒரு பெரிய பையைக் கொடுத்தனுப்பினாய் இல்லையா. உன் அறையில் கட்டில் போட்டது போக ஆள் திரும்ப இடமில்லை, அடுத்த தடவை வேண்டும்வரை வீட்டில் பத்திரமாய் இருக்கட்டும் என்று சொன்னாய். அதற்கு முன்னாலேயே அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தாய். உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய கேளிக்கைப் பூங்கா, அதன் மேல் பைத்தியமாய் இருக்கிறவர்கள் வருஷத்தில் ஒரு நாள் அங்கே கூடுவார்கள், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த விளையாட்டை வீட்டிலேயே உடுப்பாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள், ஒருத்தன் ராட்சத ராட்டினத்தை முதுகில் கட்டிக்கொண்டு வருவான், ஒருத்தி பேய் வீட்டையே கவுனாகத் தைத்து ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வைத்திருப்பாள், நான் அங்கே இருக்கிற குதிரை ராட்டினம் அப்பா என்றாய். உங்கள் ஊரில் அதை மனேஜ் என்கிறார்களாம். முப்பது வயசுப் பெண் ராட்டினமாய்ப் போய் நிற்பதா, உன் ஆபீசில் பார்த்தால் லேபை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று நான் கேலி செய்தேன். நீ படம் அனுப்பினாய், நான் ஒன்றிரண்டைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். அவ்வளவுதான் நான் பார்த்த லட்சணம்.

பையைப் பிரித்து வைக்காவிட்டால் எலி கடிக்கும் என்றுதான் அதை வெளியே எடுத்தேன். மேல் பந்தல் தனி, தோளில் மாட்டும் கம்பிகள் தனி, பாவாடை தனி, குதிரைகள் எல்லாம் பழைய துணியில் சுற்றி இருந்தன. உன் அம்மாவின் பழைய நைட்டித் துணி அது, நீ எடுத்துப் போனது எனக்குத் தெரியாது. ரிப்பேராகிக் கிடந்த ஸ்டாண்டு பேனின் தலையைக் கழற்றிவிட்டு அந்தக் காலில் உடுப்பை மாட்டி நிறுத்தினேன். சிவப்பும் வெள்ளையுமாய்ப் பந்தல், ஓரமெல்லாம் தங்க ஜரிகைக் குஞ்சம், அடியில் வளையம் வைத்துக் குடை போல விரிந்த பாவாடை, இரண்டுக்கும் நடுவே கம்பியில் தொங்கும் குதிரைகள், ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி முகம். தையல் என்றால் அப்படி ஒரு தையல். இதை எப்போது கற்றுக்கொண்டாய்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இங்கே இருந்தவரை பட்டன் தைக்கவே அம்மாவைக் கூப்பிடுவாய். ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன், பந்தல் முழுக்கக் குட்டி விளக்குகள் எரிந்தன, முன் அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அதைப் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் டீயோடு உட்காருவது வழக்கமாயிற்று. பேட்டரி செல் வாங்கியே கடைக்காரனுக்குப் பழக்கமாகிவிட்டேன். தவளக்குப்பத்தில் இருக்கும் என் பழைய கண்டக்டர் கிருஷ்ணசாமி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, என்னய்யா வீட்டிலேயே திருவிழா நடத்துறே என்று சிரித்தான். அவனுக்கு மட்டும் இது உன் உடுப்பு என்று உள்ளதைச் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் ஆனந்தமேரி பூசைக்குப் போகிற வழியில் நம் ஜன்னல் பக்கம் நின்றாள். மூன்றாம் வீட்டு ஆனந்தமேரிதான், இப்போது நம் தெரு அன்பியத்துக்குத் தலைவி, ஜெபக் கூட்டம் எந்த வீட்டில் எப்போது என்று தீர்மானிப்பதெல்லாம் அவள்தான். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், உன் உடுப்பைப் பார்த்துச் சிலுவை போட்டாள், கண் கலங்கிவிட்டது. அக்கா பேரில் நேர்ந்துகொண்டு மாதாவுக்குச் சப்பரம் செய்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே அண்ணே என்றாள். யோசித்துப் பார் ஜோவிதா, பந்தல், குஞ்சம், சுற்றிலும் விளக்கு, நம் ஊர்க்காரன் கண்ணுக்கு அது தேர்பவனிக்கு ஜோடித்த சின்னச் சப்பரம் அல்லாமல் வேறு என்னவாய்த் தெரியும். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் அதற்குள் சோபாவில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அம்மா அடக்கத்துக்குப் பிறகு அந்த சோபாவில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. வாய்வரை வந்ததை முழுங்கிவிட்டு டீ போடப் போனேன்.

மே மாசம் மாதா வணக்கமாதம் உனக்குத் தெரியும், மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போகும், போகிற வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்லுவார்கள். அம்மா போனதிலிருந்து நம் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. தனி ஆம்பளை, சுண்டல் டீ என்று அவருக்கு எதற்குச் சிரமம் என்று நல்ல எண்ணத்தில்தான் தாண்டினார்கள். பாட்டுச் சத்தம் நம் வாசலைக் கடந்து போவதை உள்ளே உட்கார்ந்து கேட்பேன். இந்த வருஷம் மாதா நேராக நம் வீட்டுக்கு வந்தாள். ஆனந்தமேரியே பேன் காலை எடுத்துவிட்டு முக்காலியைப் போட்டு, பந்தல் கம்பிகளை அதில் கட்டி, நீ நிற்கிற இடத்தில் மாதாவை நிறுத்தினாள். எவ்வளவு பொருத்தமாய் நின்றாள் தெரியுமா. குதிரை எதற்கு என்று ஒரு பெண் கேட்டது, ஆனந்தமேரி சட்டென்று சந்தியாகப்பர் ஏறி வருகிற குதிரைம்மா, அதுகூடத் தெரியாதா என்று அதட்டினாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. சப்பரம் இருக்கும்போது மாதாவை ஏன் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும், மாசம் முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும், நாம் எல்லாரும் இங்கே வருவோம் என்று அவளே முடிவு செய்தாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். பக்கத்து வீடுகளில் நாற்காலி வாங்கிப் போட்டேன், கொண்டைக்கடலை ஊறப்போட்டேன், முதல் நாள் சுண்டலில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன், எல்லாரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் குடித்தார்கள். ஜெபம் முடிந்தும் உட்கார்ந்து பேசினார்கள். உன்னை விசாரித்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தது, நான் தள்ளிவிட்டேன். வாசலில் செருப்புக் குவியலைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாயிருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்து, அந்தக் குதிரை ராட்டினத்தை இந்த வருஷத்தோடு கழற்றப் போகிறார்கள், ஜூன் கடைசியில் எல்லாரும் கூடி வழியனுப்புகிறார்கள், ராட்டின உடுப்பு உள்ளவள் நான் ஒருத்திதான், விளக்குகள் சுற்றிச் சுற்றி ஓடி எரிகிற மாதிரி மாற்ற வேண்டும், சீக்கிரம் அனுப்பு என்றாய். சரி என்றேன். அன்று சாயங்காலமும் மாதாவை அதற்குள்ளேயே வைத்து ஜெபமாலை சொன்னோம். இதற்கிடையில் மாசக் கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் பவனி வருவதென்றும், அப்படியே ஆகஸ்டு திருவிழாவுக்குக் கோயிலுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிடலாம் என்றும் பேசிவிட்டார்கள். நான் தலையாட்டினேன். உனக்கும் சரி, அவர்களுக்கும் சரி. இரண்டு பக்கமும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நடுவழியில் வண்டியை நிறுத்திக்கொண்டவன் நான்.

மே முப்பத்தொன்று காலையில் நீ கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு வார்த்தை பிசகாமல் இருக்கிறது. அனுப்ப முடியவில்லை என்றால் சொல்லிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று மெதுவாய்த்தான் ஆரம்பித்தாய். நான் மறுபடியும் கூரியர் ஆபீசை இழுத்தேன். அப்போதுதான் நீ சொன்னாய்: "இங்க வருஷம் பூரா நானும் மெஷினும்தாம்பா. அதைப் போட்டுக்கினு நின்னா மட்டும்தான் ஜனங்க எங்கிட்ட வந்து பேசுறாங்க." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய், பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன வருஷம் நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். அப்போது குதிரையைத்தான் பார்த்தேன், இப்போது உன் முகத்தைப் பார்த்தேன். நன்றாய்ச் சிரிக்கிறாய், பக்கத்தில் யாராவது தோளில் கை போட்டு நிற்கிறார்கள். ஆனால் படத்துக்குப் படம் ஆள் வேறு. ஒரு முகமாவது இரண்டு படத்தில் வருகிறதா என்று திருப்பித் திருப்பித் தேடினேன், வரவில்லை. உனக்கு அங்கே நிறைய சிநேகிதிகள் இருக்கிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளாய் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அப்படிச் சொன்னதாக எனக்கு நினைப்பு, எண்ணிப் பார்த்தால் நீ சொல்லவே இல்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். உன் பாவாடையைக் காட்டி நான் இங்கே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே அது இல்லாமல் நிற்கிறாய். வெட்கமாயிருந்தது, அழுகையும் வந்தது. அம்மா போனபோதுகூட இவ்வளவு அழவில்லை, அப்போது நீ பக்கத்தில் இருந்தாய்.

அன்று சாயங்காலம் பவனிக்கு எல்லாரும் கூடிவிட்டார்கள், தூக்குவதற்குப் பையன்கள் தோளில் துண்டோடு நிற்கிறார்கள். நான் நடுவில் போய் நின்று சொன்னேன்: "இது சப்பரம் இல்லம்மா. எம் பொண்ணு ஒரு பார்க்குக்குப் போட்டுக்கினு போவத் தச்ச ராட்டினப் பாவாட. நாந்தான் சொல்லாம வுட்டுட்டேன்." பின்னால் யாரோ சிரித்தார்கள், அது உடனே அடங்கிவிட்டது. இத்தனை நாள் பாவாடை முன்னாலா ஜெபமாலை சொன்னோம் என்று ஆனந்தமேரி கேட்டாள். அவள் பந்தலைக் கழற்றி மாதாவை வெளியே எடுத்தாள், முந்தானையால் சுரூபத்தின் முகத்தைத் துடைத்தாள், குழந்தையைத் தூக்குவது போல் இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள். எல்லாரும் பின்னால் போனார்கள். பாட்டுச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. நானும் போயிருக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள், கால்தான் வரவில்லை. மறுநாள் பழக்க தோஷத்தில் கடலை ஊறப்போட்டுவிட்டேன். யாரும் வரவில்லை. இரண்டு நாள் அதையே தின்றேன்.

நேற்று மத்தியானம் ஆனந்தமேரி தனியாய் வந்தாள், கையில் இஸ்திரிப் பெட்டியும் பழைய பேப்பரும். பாவாடையில் மெழுகு சொட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்திருக்கிறாள். பேப்பரை மேலே வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவ்வளவையும் எடுத்தாள். பிறகு, "மாதாவுக்குத் தெரியாமயா உள்ள நின்னா, வுடுங்கண்ணே" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். போகும்போது பொண்ணு எப்போது வருகிறாள் என்று கேட்டாள். வருவாள் என்றேன். எப்போது என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. பாவாடை விளிம்பின் உள்பக்கம் ஒரு சின்ன மாதா மெடலைத் தைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பிரித்துவிடாதே.

கிருஷ்ணசாமி தவளக்குப்பத்து டிவி கடையில் சொல்லி இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தான், பஸ்ஸில் ஏற்றி அவனே கொண்டுவந்தான். உடுப்பை அவனும் நானுமாகத்தான் கட்டினோம். செல்லை எல்லாம் கழற்றிவிட்டேன், நீ புதுசு போட்டுக்கொள். கறுப்புக் குதிரையின் வால் யாரோ தொட்டுக் கும்பிட்டதில் பிய்ந்துவிட்டது, நான் ஒட்டியிருக்கிறேன், சரியில்லை, நீ பார்த்துச் செய்துகொள். பந்தல் துணியில் கொஞ்சம் சாம்பிராணி வாசம் இருக்கும், காற்றாடப் போட்டால் போய்விடும். அன்றைக்கு மழை வந்தால் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நில், அழகு கெடும் என்று விறைத்துப் போகாதே. யாராவது வந்து பேசினால் அவர்கள் பேரைக் கேள், போன் நம்பரைக் கேள், படம் எடுத்தவுடன் விட்டுவிடாதே. வெட்கப்பட்டு நின்றால் பஸ் போய்விடும், இது டிரைவர் சொல்கிறேன்.

நானும் இனிமேல் பாட்டுச் சத்தம் கேட்டால் உள்ளே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அன்பியம் கூட்டம் வேறு வீட்டில், போய்க் கடைசி நாற்காலியில் உட்காருவேன். உனக்குச் சொல்லிவிட்டு நான் செய்யாமல் இருந்தால் அது நியாயமில்லை. முன் அறை இப்போது காலியாய்த்தான் கிடக்கிறது, முக்காலியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடக்கிறேன்.

பரிசுத்த மாதா உன்னைத் தன் கையில் வைத்துக் காப்பாற்றட்டும், உன் அம்மாவின் ஆசீரும் உனக்கு உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, பெட்டி கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல். இன்னும் ஒன்று. இதுவரை நீ எப்போது வருவாய் என்று நான் கேட்டதே இல்லை, லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் விலை என்று நீ சொல்லச் சங்கடப்படக்கூடாதே என்றுதான். இப்போது கேட்கிறேன். அம்மா பூசை, கிறிஸ்மஸ் என்று ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்காதே, சும்மா வா. எந்த வேஷமும் கட்டாமல் வந்தாலும் உன்னிடம் வந்து பேச இந்த ஊரில் ஒரு ஆள் இருக்கிறான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
சூசைநாதன்